முப்பதுக்கு முப்பது

காட்டில் ஐம்பது முயல்கள், நாற்பது நரிகள். தேர்தலுக்கு முன்பு ஐந்து தொகுதிகளுக்கும் எல்லை போட்டது கிழட்டு நரி. முப்பது முயல்களை ஒரே தொகுதியில் அடைத்தது. மற்ற நான்கிலும் பத்துப் பத்து நரிகள், ஐந்தைந்து முயல்கள்.

முடிவு வந்ததும் முயல் தொகுதியில் ஒரே தாரை தப்பட்டை.

"மத்த நாலும் போச்சேண்ணே," என்றது காதறுந்த முயல்.

"முப்பதுக்கு முப்பதுடா! நின்ன நரிக்கு டெபாசிட் காலி. இன்னிக்காவது சிரியேன்," என்றது மாலையும் கழுத்துமாக நின்ற ஜெயித்த முயல்.

மறுநாள் சபையில் நாலுக்கு ஒன்று என்று முதல் சட்டம் நிறைவேறியது. முயல் வளைக்கு இனி ஒரே வாசல்தான். தப்பி ஓடும் பின்வாசலை அடைத்துவிட வேண்டும்.

ஜெயித்த முயல் மாலையைக் கழற்றாமலே தன் பின்வாசலில் மண்ணைத் தள்ளியது. காதறுந்த முயலும் தள்ளியது. முன்வாசலில் நரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.