எட்டுப் பத்துக்கு

"செத்தவங்க பேரைப் படிக்கறதை நிறுத்திடலாம் வெர்னா. காலங்கார்த்தால யாருக்கு வேணும் அது?"

ரேடியோ ஸ்டேஷன் முதலாளி கென்ட் இதைச் சொல்லி மூணு மாசம் ஆச்சு. இன்னிக்குத் தீர்ப்பு நாள்.

வெர்னா காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷமாகக் காலை நிகழ்ச்சி அவள்தான். கன்ட்ரி என்கிற அந்த ஊர் நாட்டுப்பாட்டு, சோள விலை, பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன சாப்பாடு, எல்லாம் சொல்வாள். எட்டுப் பத்துக்குப் பாட்டு நிற்கும். மாவட்டத்தில் முந்தின நாள் இறந்தவர்களின் பெயர்களை, யார் எவர், அடக்கம் எப்போது என்பதோடு எட்டரை வரை நிதானமாகப் படிப்பாள். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பாதி. பெயரெல்லாம் நாக்கைச் சுளுக்கும். முதல்நாள் சாயங்காலமே அந்தந்த வீட்டுக்குப் போன் போட்டு, "இப்படித்தானே சொல்லணும்?" என்று கேட்டு வைத்துக்கொள்வாள்.

அந்தப் பெயர்களைக் கேட்டுத்தான் எந்த வீட்டுக்குச் சமைத்து எடுத்துப் போவது என்று ஊர்ப் பெண்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

இந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன் லோனி. பத்து வருஷம் வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவன். ஊரின் அந்தக் கோடியில் இருந்த ராக் பாட்டு ஸ்டேஷனுக்கு மேனேஜராகப் போனான். போனவன் சும்மா இருந்தானா? ஒரு திங்கட்கிழமை ராக்கை மூட்டை கட்டிவிட்டு, அவனும் கன்ட்ரிக்கு மாறிவிட்டான். பேச்சு கம்மி, பாட்டு ஜாஸ்தி. முடிவெட்டுகிற கடை, பெட்ரோல் பங்க், எங்கே போனாலும் அவன் குரல்தான்.

வெர்னாவும் விடவில்லை. மைக்கிலேயே அவனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். "பக்கத்து வீட்ல எழவு விழுந்ததுகூடத் தெரியாம ஆடணும்னா எதிர் ஸ்டேஷனுக்குப் போங்க சாமி, அங்க நல்லாப் போடறாங்க!"

திட்டினால் ஆச்சா? சர்வே கம்பெனி அறுபது வீட்டுக்கு நோட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தது. எத்தனை மணிக்கு எந்த ஸ்டேஷன் கேட்டோம் என்று ஒரு வாரம் எழுதித் தர வேண்டும். அதில் தோற்றால் வெர்னாவுக்கு வேலை இல்லை. வேறு ஏதோ ஊரிலிருந்து சாட்டிலைட் வழியாகப் பாட்டு வரும். ஆளே வேண்டாம்.

வேலை போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அவள் கணவன் டேலுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். அது ஓடுவதே இந்த வேலையோடு வருகிற மருத்துவக் காப்பீட்டில்தான்.

கென்ட் கூப்பிட்டான்.

"உக்காருங்க."

"நிக்கறேன் தம்பி. சொல்லிடு."

"ஆறு மணிக்கு லோனி. ஏழுக்கும் லோனி."

வெர்னா உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்போதுக்கும் அவன்தான். ஆனா பாருங்க, எட்டுப் பத்துலேர்ந்து எட்டரை வரைக்கும் ஊரே நம்மகிட்ட இருக்கு. பத்து நோட்டுல ஒம்போது நோட்டு!"

"என்னது?"

"எட்டரை ஆனதும் திரும்ப அவன்கிட்டயே ஓடிடறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா இதைப் போய் நிறுத்தினா என்னைவிட முட்டாள் கிடையாது. படிங்க. நீங்களே படிங்க. சாட்டிலைட்டெல்லாம் வேண்டாம்."

வெர்னா கார் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, நேரே மாட்டுத் தீவனக் கடைக்கு வண்டியை விட்டாள். கடைக்காரன் ஹார்லன் ஆறு மாசம் முன்னால் விளம்பரத்தை லோனிக்கு மாற்றிக் கொடுத்தவன். நாலு வார்த்தை கேட்காமல் விட முடியுமா?

"ஏன்யா ஹார்லன், எட்டுப் பத்து ஆனா மட்டும் ஊரே என் பக்கம் வருதாமே? தெரியுமா சேதி?"

"வராம? நானும்தான் திருப்பறேன்."

"பின்ன விளம்பரம் மட்டும் அந்தத் துரோகிக்கா?"

"அடப் போ வெர்னா. அந்த இருபது நிமிஷமும் அவன் பாட்டே போடறதில்ல. டிராக்டர், டயர், என் தீவனம்னு வரிசையா விளம்பரம்தான். எவன் கேப்பான்?"

வெர்னா கைதட்டிச் சிரித்தாள். "முட்டாப்பய! பத்து வருஷம் சொல்லிக் குடுத்தேன். விளம்பரத்தைச் சேர்ந்தாப்புல கொட்டினா ஜனம் ஓடிடும்னு இந்தத் தொழில்ல நேத்து வந்தவனுக்குக்கூடத் தெரியும்!"

"நானும் அதைத்தான் கேட்டேன். அந்த நேரத்துக்கு எங்ககிட்டக் காசுகூட வாங்கறதில்ல அவன்."

"ஓசிலயா? ஏன்?"

ஹார்லன் கையிலிருந்த தீவன மூட்டையைக் கீழே வைத்தான்.

"ஓடட்டும்னுதான் கொட்டறேன்னான். அந்த இருபது நிமிஷமும் கைவிட்டுப் போச்சுன்னா கென்ட் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவான், டேல் கதி என்னாகும்னான்."

வெர்னாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்!"

"உங்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். எம்மேல கோபம் இருக்கற வரைக்கும்தான் வெர்னாவுக்கு வேலை போயிடுமோங்கற பயம் தெரியாது, திட்டட்டும் விடுன்னான்."