பக்கத்தில் புதுசு கூடாது

"இந்தப் படம் ஒண்ணு மட்டும் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு? யாரு இத இங்க மாட்டினது?"

டிசைனர் போட்ட சத்தத்தில், கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பழைய மாளிகை போல் தெரிய வேண்டிய கப்பல் அது. மறுநாள் முதல் பயணம். கூடத்துச் சுவர்களில் இருபத்து நான்கு ஓவியங்கள். இருபத்து மூன்று போன மாதம் வரைந்தவை. அவற்றுக்கு நூறு வயது கூட்டியவனை எல்லோரும் 'பழசு' என்றுதான் கூப்பிடுவார்கள். டீத்தண்ணியும் உப்புத்தாளும் கொடுத்தால் போதும், நேற்றுப் பிறந்த படத்தையும் கொள்ளுத்தாத்தா ஆக்கிவிடுவான்.

அசல் ஒன்றே ஒன்றுதான். அதை இரவல் கொடுத்த அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார்: பக்கத்தில் புதுசு எதுவும் கண்ணில் படக் கூடாது, பட்டால் தன் படத்தைக் கையோடு கழற்றிக்கொண்டு போய்விடுவாராம். அசல் போனால் டிசைனரின் வேலையும் போன மாதிரிதான்.

அம்மாள் வந்து சேர இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

"காலையில தச்சருங்களே பெட்டிய எல்லாம் பிரிச்சு வரிசையா மாட்டிட்டாங்க மேடம்" என்றான் பழசு. "ஆனா இந்தப் படம்..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! எடு உப்புத்தாள!"

டிசைனருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தை அதற்குள் நாலு சுற்று சுற்றிவிட்டாள். மூலையில் கறுத்து, வெடிப்பு விட்டிருந்த படத்தின் பக்கம் பழசு துணி எடுக்கப் போனதும் பதறிப்போனாள்.

"ஐயோ, அதத் தொடாத! அதுதான் அசல். பக்கத்துல மூச்சுகூட விடாத!"

"அதுவா? மேடம், அது வந்து..."

"பதினஞ்சு வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எது பழசு எது புதுசுன்னு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? வாய மூடிட்டு இதத் தேய்!"

பழசு பயந்து பயந்து தேய்த்தான். அவன் வேகம் அவளுக்குப் போதவில்லை. உப்புத்தாளைப் பிடுங்கித் தானே தேய்த்தாள். ஆற்றின் நீலம் மங்கியது, படகின் சிவப்பு உதிர்ந்தது. மேலே டீத்தண்ணியை ஒரு இழுப்பு இழுத்தாள். பத்தே நிமிஷத்தில் படம் மற்றவற்றோடு ஜோடி சேர்ந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

அம்மாள் வந்தார். ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்தார். டிசைனர் பின்னாலேயே நடந்தாள்.

"பிரமாதம்மா! சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. ஒண்ணுகூடப் புதுசா தெரியல."

டிசைனருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் உங்க ஆசீர்வாதம்மா!"

"சரி, எங்க வீட்டுப் படத்த எந்தக் கூடத்துல மாட்டியிருக்கீங்க?" அம்மாள் ஆசையாகச் சுற்றிலும் தேடினார். "நாலு மாசம் ஆள் வெச்சு, நூறு வருஷத்து அழுக்க எல்லாம் எடுத்துட்டு அனுப்பினேனே. அது மட்டும் பளபளன்னு தனியா தெரியணும்னுதானே பக்கத்துல புதுசு வேண்டாம்னு சொன்னேன்!"