இனிஷியல்

"அண்ணே, பாப்பா பேரு வந்துருக்கு" என்றான் பேப்பர் கடை பன்னீர்செல்வம். பேப்பரை நான்காக மடித்துக் கையில் திணித்தான். "இங்க பிரிக்காதீங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி படிங்க."

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வரும் மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிறிஸ்துதாஸ் காதோரத்துக் கரித்தூளைக்கூடத் துடைக்காமல் நின்றிருந்தார். மகள் வினோலியாவின் பெயரை அச்சில் பார்த்து ஒரு கோடையும் ஒரு மழையும் போயிருந்தன.

வீடு வரை பொறுப்பதாவது! கடையோரம் சைக்கிளைச் சாய்த்தார். பன்னீர்செல்வம் வார இதழ்களை அடுக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

கடலூரை வெள்ளம் புரட்டிப் போட்ட மறு வருஷம் அவள், தான் நிருபராக இருந்த பத்திரிகையில், கெடில ஆற்று மணலைப் பற்றி எழுதினாள். திருவதிகைப் பக்கம் ஆற்றைச் சுரண்டும் லாரிகள் யாருடையவை, அவற்றைக் கண்டும் காணாமல் விடும் அதிகாரிகள் யார் யார் என்று பெயர் சொல்லியே எழுதினாள்.

லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவள்தான் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

அரசின் பெயரைக் கெடுத்தாள் என்று ஒரு வழக்கு, கலவரத்தைத் தூண்டினாள் என்று இன்னொன்று. பத்திரிகைக்காரர்கள் முதலில் அவள் பெயரை எடுத்துவிட்டு 'நமது நிருபர்' என்று போட்டார்கள். பிறகு அவளையே எடுத்துவிட்டார்கள்.

எங்கே இருக்கிறாளோ, என்ன சாப்பிடுகிறாளோ. ஒரே ஒரு முறை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அந்தப் பதிலைச் சொல்ல கிறிஸ்துதாஸ் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பது வாடிக்கையாகிவிட்டது. மகளை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவரையும் வழக்கில் சேர்ப்பார்களாம். ரிட்டயர் ஆகிற வயசில் ஜெயிலா என்று மனைவி சகாயமேரி அழுவாள். அவருக்கும் பயம்தான். ஆனாலும் தினம் பேப்பர் வாங்குவதை நிறுத்தவில்லை. பெயர் வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அந்தப் பெயரிலும் அவருக்கு ஒரு குறை உண்டு. அவள் எழுதிய எதிலும் இனிஷியல் இருந்ததில்லை. வெறும் 'வினோலியா'. ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வாய்விட்டே கேட்டார், அப்பன் எழுத்தை முன்னால் போட்டால் பேப்பரில் இடம் பத்தாதா என்று. அவள் சிரித்து மழுப்பினாள். சுரங்கத்துக்காரன் எழுத்து படித்த பிள்ளைக்குக் கசக்கிறது போலும் என்று அன்றைக்கு முழுக்க உள்ளுக்குள் குமைந்தார்.

பேப்பரைப் பிரித்தார். முதல் பக்கத்தில் இல்லை. மாவட்டச் செய்தியில் இல்லை. விளையாட்டுப் பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

தொலைந்த பத்திரமும் நினைவஞ்சலியும் நெருக்கியடிக்கும் பக்கத்தில், கட்டம் கட்டி இருந்தது.

'பொது அறிவிப்பு. கி. வினோலியா ஆகிய எனக்கும், நெய்வேலியில் வசிக்கும் என் தந்தை கிறிஸ்துதாஸுக்கும் இனி எந்தவிதச் சம்பந்தமும் இல்லை. என் எழுத்துக்கும் செயலுக்கும் அவர் பொறுப்பல்ல.'

கிறிஸ்துதாஸ் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

இதே அறிவிப்பை அவர் பெயரில் கொடுத்து மகளைத் தலைமுழுகிவிடும்படி இன்ஸ்பெக்டர் வந்தபோதெல்லாம் நச்சரித்திருக்கிறார். பெற்ற வாயால் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று இவரும் பிடிவாதமாக நின்றிருக்கிறார். இந்தச் சேதி எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. அப்பா சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

இத்தனை வருஷம் அந்த எழுத்தை ஏன் போடவில்லை என்பதும் இப்போது விளங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் அப்பா வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சகாயமேரி. அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பேரு வந்துருக்காமே! எதப் பத்திங்க எழுதியிருக்கா?"

குரலில் அத்தனை சந்தோஷம். அவளிடம் அப்படியொரு குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"நம்மளப் பத்திதான்" என்றார் கிறிஸ்துதாஸ்.