குரல் மட்டும்

“சாரி சார், ப்ளேன் சத்தம்” என்றேன்.

எந்த ப்ளேனும் போகவில்லை. வானத்தில் ஒரு காக்கை கூட இல்லை.

ஆனால் ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. படப்பிடிப்பில் சவுண்டு சரியில்லை என்று ஒலிப்பதிவு செய்கிறவள் சொன்னால் சொன்னதுதான். இயக்குநரே ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

அவர் கடித்தார். இதற்கு முன்னால், முதல் முறை ஜெனரேட்டர் என்றிருந்தேன். அடுத்த முறை சட்டைத் துணி மைக்கில் உரசுகிறது என்றேன். இரண்டும் இதே போலப் பொய்.

“சொந்தமா மைக்கு, மிஷின்னு செட்டு வெச்சிருக்கீங்கன்னுதான் வேலை குடுத்தேன். செட்டுலதான் கோளாறுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

வேண்டுமென்றே எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். செட்டில் கோளாறு என்று ஒரு பேச்சு வெளியே கிளம்பினால் போதும், அப்புறம் என் போன் அடிக்காது. வாங்கிய மைக்கும் மிஷினும் வீட்டில் தூசி தின்னும். தெரிந்துதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி எடுத்தார்கள்.

கேமரா முன்னால் நாற்காலியில் இருந்தவர் இந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்களுக்குப் போட்டுக் காட்டும் பாதுகாப்புப் படம் இது. சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒரு கதை சொல்ல வேண்டும்.

“கழிவுத் தொட்டி. உள்ள விஷவாயு. எறங்காத, எறங்காதன்னு கத்தினேன். கேக்கல. எறங்கிட்டான். போயிட்டான்.”

அந்த ‘அவன்’ என் அண்ணன்.

இங்கே ஒருவருக்கும் அது தெரியாது. இந்தத் தொழிற்சாலையில் படப்பிடிப்பு என்று கேள்விப்பட்டு, வலியப் போய்க் கேட்டு வாங்கிய வேலை.

அண்ணன் பிடிவாதக்காரன் இல்லை. ஒரு சட்டை எடுப்பதென்றாலும் நாலு பேரைக் கேட்கிறவன். எவனோ அதட்டித்தான் அவனை உள்ளே இறக்கியிருக்க வேண்டும். அந்த எவன் இந்த ஆள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அம்மா கம்பெனி சொன்னதை நம்பிவிட்டாள். ‘சொல்பேச்சு கேக்காத பாவி’ என்று திட்டித் திட்டித்தான் இன்றும் அழுகிறாள். இனி முகம் தெரியாத பையன்களும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதையே சொல்வார்கள். செத்தவன் வந்து இல்லையென்று சொல்லவா போகிறான்?

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் எங்காவது உண்மை வெளிவரும் என்றுதான் அத்தனை பொய்யும் சொன்னேன். எத்தனை முறை எடுத்தும் ஒரு சொல் மாறவில்லை. ‘கேக்கல’ என்பதற்கு முன்னால் அதே பெருமூச்சு, அதே அளவில். நடந்ததைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் முன்னுக்குப் பின் உளறுவார்கள். ஹெட்போனில் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இது பச்சை மனப்பாடம்.

“போதும். இருக்கறதை வெச்சு ஒப்பேத்திக்கலாம்” என்றார் இயக்குநர். “வெளிய போய்த் தொட்டியை எடுப்போம்.”

“கேமரா வேண்டாம் சார். குரல் மட்டும் தனியா ஒருதடவை எடுத்துக்கறேன். தொட்டிப் படத்து மேல ஓட்டிக்கலாம்.”

“என்னத்தையோ பண்ணித் தொலைங்க.”

விளக்குகள் அணைந்தன. கேமராவைத் தூக்கிக்கொண்டு மற்ற எல்லாரும் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

மனிதர்கள் பயப்படுவது கேமராவுக்குத்தான். சட்டைக்குள் கிடக்கும் மைக்கைச் சீக்கிரம் மறந்துபோவார்கள். நான் நம்பியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

வயிற்றோடு கட்டியிருந்த மிஷினில் பதிவைத் தொடங்கினேன். “சொல்லுங்க சார்.”

சொன்னார். அதே சொற்கள், அதே பெருமூச்சு. எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பொய்யும் வீண், இந்த வேலையும் போச்சு.

அவர் எச்சில் விழுங்குவது கேட்டது.

“எங்க இருந்து கத்தினேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலம்மா.”

“எங்க இருந்து சார்?”

“உள்ள இருந்து.”

சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மாஸ்க் எடுத்துட்டு வரச் சோம்பல்பட்டு முதல்ல எறங்கினவன் நான். மூச்சு முட்டிக் கிடந்தேன். எறங்காதடான்னு அங்க இருந்துதான் கத்தினேன். அவன் கேக்கல. என்னைத் தூக்கி மேல தள்ளிவிட்டான். அவனைத் தூக்க மேல நான் ஒருத்தன்தான் இருந்தேன். எனக்கு நினைவு தப்பிடுச்சு. வேலை போயிடும்னு அப்புறம் வாயைத் திறக்கல.”

இந்த ஆளைப் பார்க்கும்போது கேட்பதற்கென்று இத்தனை வருஷமாகக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் இப்போது பொருந்தவில்லை. கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் மூச்சு என் இரண்டு காதுகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மேலே தள்ளிவிட்ட மூச்சு.

அவர் என் வயிற்றுப் பக்கம் பார்த்தார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஓடிக்கிட்டுத்தான இருக்கு?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து சொல்லாத பொய்யா?

“ஆமா சார்.”

வெளியே இயக்குநர் யாரையோ திட்டுவது கேட்டது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஓடட்டும்” என்றார்.