நினைவுமணியைக் கழற்றிய நாள்

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் படியேறும் முன்பே, ஆவுடையப்பன் தம் மகன் சங்கரலிங்கத்தின் காதுக்குப் பின்னாலிருந்த நினைவுமணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனச்சிதைவு வந்ததிலிருந்து, செய்ய நினைத்ததும் ஏன் நினைத்தோம் என்பதும் அவனிடம் தங்குவதில்லை. காலையில் அவன் சொல்லிவைப்பதை அந்த மணிதான் அவன் குரலிலேயே அவ்வப்போது எடுத்துச் சொல்லும்.

"கொஞ்ச நேரந்தாம்ல. நம்ம குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு வந்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிப்பா" என்றான் அவன்.

மாப்பிள்ளைக்கு மாலையிட வேண்டியவன் பெண்ணின் தம்பி. கையில் கொடுத்த மாலையைப் பார்த்தபடியே சங்கரலிங்கம் நின்றான்.

"என்ன வே, மச்சினருக்கு இப்பமே மாப்பிள்ளை மேல கோவமா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. கூடமே சிரித்தது. கல்யாணப் பெண்ணான அக்கா கோமதி மட்டும் சிரிக்கவில்லை. "போடுல தம்பி" என்றாள் மெதுவாக. அவன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது ஆவுடையப்பனின் நெஞ்சருகே மகன் குரல் சன்னமாகக் கேட்டது. "எந்திரில சங்கரா. அக்கா மாப்பிள்ளைக்கு நீதான் மாலை போடணும். அப்பா பக்கத்துல நிமிர்ந்து நில்லு."

மணியை எடுத்து மாட்டிவிட ஒரு நொடி போதும். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பையனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி, மாலையை எடுத்து அண்ணன் மகனிடம் நீட்டினார். மற்றக் கையால் பையைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைக்கடியில் மகன் தன்னை இன்னும் எழுப்பிக்கொண்டிருந்தான்.