காத்திருப்பவளின் குரல்

தர்கா முற்றத்துச் சலவைக்கல்லில் சிந்து நாட்டு அந்திவெயில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. இறைவனைக் காதலனாக எண்ணிக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டை ஃபக்கீர்கள் வழக்கம்போலப் பெண்குரலில் பாடுகிறார்கள். அறுபது வயது ஸோதோ ஃபக்கீர் தம்பூராவை மார்போடு அணைத்தபடி உச்சத்துக்கு ஏறுகிறார். ‘வா’ என்று அழைக்கும் இடத்தில் குரல் உடைந்து கரகரக்கிறது. பக்கத்தில் தம்பூரா வாசிக்கும் இளைய ஃபக்கீர் லாகனோ குனிந்து, “என்னண்ணே, பொண்ணுக்கு மீசை மொளைச்சிருச்சா? இன்னொரு தடவை ஒடஞ்சா முன்வரிசையை எனக்கு விட்டுருங்க” என்கிறான். கேட்க வந்தவர்களின் பார்வை முழுவதும் ஸோதோவின் தொண்டையில் நிற்கிறது. “இத்தனை வருஷமாக் காத்திருக்கா, கெழவியாக மாட்டாளாடா?” என்று சொல்லிவிட்டு, உடைந்த குரலை மறைக்காமல் அவர் மறுபடியும் ‘வா’ என்று அழைக்கிறார். லாகனோ தன் தம்பூராவின் பிரடையைத் தளர்த்தி, தந்தியின் சுருதியை அந்தக் குரலுக்கு இறக்குகிறான்.