இலை வெல்லும்வரை

“அந்த இலையில ஒரு பிடி தாங்கோ தம்பி. எங்கட பெடியன் ஒருத்தனுக்கு வேணும்.”

ஆய்வுகூட வாசலில் நின்ற அந்த அம்மாவின் சேலைக் கரையெல்லாம் ஹந்தானை மலைச் சேறு. கையில் நாலாய் மடித்த பேப்பர் துண்டு. ‘எச்.ஐ.வி. கிருமியை விரட்டும் காட்டு இலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் அந்த இலையை ஆராயும் வினோதனின் படத்தையும் போட்டிருந்தார்கள். அவன் சொன்னது ஒன்று, அவர்கள் போட்டது இன்னொன்று.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் எல்லாரும் கும்பலாகக் கன்டீனுக்குப் போயிருந்தார்கள். வினோதன் வழக்கம்போலச் சோற்றுப் பார்சலோடு தனியே இருந்தான். முன்பெல்லாம் அவனையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டார்கள்.

“உள்ளுக்கு வாங்கோ அம்மா, இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டான்.

இருந்ததும் இருக்காததுமாக விசாரணை தொடங்கிவிட்டது.

“தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?”

“உடுவில்.”

“தாய் தகப்பன்?”

“அப்பா இல்லை, மோசம் போயிட்டார். அம்மா தங்கச்சியோட கனடாவில.”

“அப்ப இஞ்ச ஆர் சமைச்சுத் தாறது?”

“குண்டசாலையில ஒரு அறை. நான் தனியத்தான் அம்மா.”

வினோதனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய ஊர் ஆட்கள் பஸ்ஸுக்கு வழி கேட்டாலும் ஊர், உறவு எல்லாம் துருவி முடித்த பிறகுதான் வழியைக் கேட்பார்கள். இந்த அம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்க இடமே தரவில்லை. ஆனாலும் இப்படி வாஞ்சையாக ஒருவர் விசாரித்துக் கனகாலமாயிற்று. மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

“கலியாணம் இன்னும் கட்டேல்லையோ?”

“இந்த வேலை முடியட்டும் எண்டு இருக்கிறன்.”

எல்லாருக்கும் சொல்கிற பதில்தான். அவனை விரும்பிய, கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பிரியாந்தினிக்கும் ‘இலை வெல்லட்டும், பிறகு பாப்பம்’ என்றுதான் சொல்லி அனுப்பினான். இவன் இலையைத்தான் கட்டப்போகிறான் என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். காரணம் தெரிந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு அந்த அறைக்கு அவன் நன்றாக இருட்டிய பிறகுதான் போவான்.

ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் இருந்தது. கோப்பை ஒன்றுதான்.

“இது நான் குடிக்கிறது... பொறுங்கோ, கன்டீனில வேற ஒண்டு வாங்கியாறன்” என்று அவசரமாக எழுந்தான்.

“எனக்கு இது காணும்” என்று அந்த அம்மா அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கி, தானே ஊற்றி, ஒரே மூச்சில் குடித்துவிட்டார். “இரவிரவா பஸ்ஸில வந்தனான் தம்பி. சரி, இலையைத் தருவியளோ?”

“தரலாம். ஆனால் பிரயோசனமில்லை அம்மா.” எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய விஷயம், நிதானமாகச் சொன்னான். “அந்த இலையிலயிருந்து நாங்கள் பிரிச்சு எடுத்த சாமான், சோதனைக் குழாய்க்குள்ள கிருமியைப் பெருக விடாமல் மறிக்குது. அவ்வளவுதான். குழாய் வேற, மனுச உடம்பு வேற. நல்ல உயிர்க்கலங்களையும் அது சேர்த்துக் கொல்லுது. மருந்தா வர எத்தினை வருசம் செல்லுமோ தெரியாது. வராமலே போனாலும் போகும்.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “அப்ப எங்கட பெடியன்?”

“கிளினிக்கில மருந்துக் குளிசை குடுக்கினமோ?”

“விடாமல் குடிக்கிறானாம். இப்ப இரத்தத்தில கிருமி தெரியேல்லை எண்டு டொக்டர் சொன்னவராம்.”

“பிறகென்ன அம்மா! அதை நிப்பாட்டாமல் குடிச்சால் எல்லாரையும் போல கனகாலம் இருக்கலாம். அந்த இலை இந்த இலை எண்டு அவிச்சுக் குடுத்து அதைக் கெடுத்துப்போடாதேங்கோ.”

“அவன் கலியாணம் கட்டலாமோ?”

“தாராளமா. கிருமி தெரியாத அளவில இருக்குமட்டும் மனுசிக்குத் தொற்றாது. பிள்ளையும் சுகமாப் பிறக்கும். டொக்டரோட கதைச்சுச் செய்தால் சரி.”

“படிச்ச நீங்கள் இவ்வளவு தெளிவாச் சொல்லுறியள். அவனும் படிச்சவன்தான். பிறகு ஏன் தம்பி மாட்டன் எண்டு நிக்கிறான்?”

வினோதன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இது அவன் தினமும் தன்னையே கேட்கிற கேள்வி. முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டக்கூடாதுதான். ஆனாலும் வார்த்தை தானாக வந்தது.

“குளிசை கிருமியைத்தான் அம்மா மறிக்கும், சனத்தின்ர வாயை மறிக்காது. அந்தப் பொம்பிளைப் பிள்ளை ஓம் எண்டாலும் வீட்டில விடுவினமோ? விசயம் தெரிஞ்சுகொண்டு எந்தத் தாய் தன்ர பிள்ளையைக் குடுப்பாள்? நீங்களே சொல்லுங்கோ.”

அந்த அம்மா எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் பிரியாந்தினியின்ர அம்மா, தம்பி.”